போர் தண்ணீர், மூன்றடி தொட்டி: எந்த மீனோடு எந்த மீன் நிலைத்தது

எதோடு எதை விடலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சண்டையை நினைத்துத்தான் கேட்கிறார்கள். பல வருடமாக ஒரே தொட்டியைப் பார்த்துவருபவன் என்ற முறையில் நான் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பேன். உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் இரண்டு மீனுக்கும் ஒத்துக்கொள்ளுமா என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

என் தொட்டி 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு 160 லிட்டர், மணல், கல் எல்லாம் போக நிற்கும் தண்ணீர் 130-க்குக் கொஞ்சம் மேலே. சென்னையின் மேற்குப் பக்கம், முழுக்க போர்வெல் தண்ணீர், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 900-ஐ ஒட்டி, பிஎச் 8, அதாவது லேசான காரத்தன்மை. டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்ப முடியாது, அதில் சாதா உப்பும் சேர்ந்தே காட்டும். கடினத்தன்மையை, அதாவது சுண்ணாம்பு எவ்வளவு என்பதை, சொட்டு சொட்டாக விட்டுப் பார்க்கிற டெஸ்ட் கிட் கிடைக்கிறது, அதையும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட தண்ணீருக்கு மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் மூன்றும் அருமை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மீன்கள், சுண்ணாம்பு கலந்த நீர்தான் அவற்றுக்குப் பழக்கம். நியான் டெட்ரா அமேசான் பகுதியின் மென்மையான, லேசான அமிலத்தன்மை உள்ள தண்ணீரிலிருந்து வந்தது. நியானும் மோலியும் ஒன்றையொன்று தொடக்கூடச் செய்யாது, எல்லோரும் தைரியமாகச் சேர்த்து விடுவார்கள், ஆனால் மோலிக்குச் சரியான தண்ணீரில் நியான் நிறம் மங்கி ஒவ்வொன்றாகப் போகும், நியானுக்குச் சரியான தண்ணீரில் மோலி துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் ஆடிக்கொண்டே நிற்கும். ஆர்ஓ தண்ணீர் கலந்து சமாளிக்கலாம்தான். வாராவாரம் கால்வாசி மாற்றுவதற்கே 30 லிட்டருக்கு மேல் பிடிக்க வேண்டும், மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் அதைவிட அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை, அதனால் இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீன் என்பதுதான் என் முடிவு. இன்றுவரை அதை மாற்றத் தோன்றவில்லை.

அடுத்தது வளர்ச்சி. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நாம் பார்ப்பதெல்லாம் குஞ்சுகள். அங்கே ஒரே தொட்டியில் ஏஞ்சலும் கப்பியும் சமாதானமாக நீந்துகிறது என்றால் ஏஞ்சலின் வாய் இன்னும் சின்னது, அவ்வளவுதான். உடம்பு மட்டும் 15 செ.மீ. வரை வரக்கூடிய மீன் அது, வளர்ந்த பிறகு ஒல்லியான டெட்ராவும் ஆண் கப்பியும் அதற்குச் சாப்பாடு. வாங்கும்போது அந்த மீனின் முழு அளவைக் கேளுங்கள், முடிந்தால் கடைக்காரரிடம் தாய் மீனைக் காட்டச் சொல்லுங்கள். பண்ணை வைத்திருப்பவர்கள் மறுக்காமல் காட்டுவார்கள்.

நான் ஏஞ்சலோடு வைத்தது ஸ்வார்ட்டெயில். பண்ணையில் பிறந்த ஏஞ்சல் நம் போர் தண்ணீரில் நன்றாகவே வளர்கிறது, வளர்ந்த ஸ்வார்ட்டெயில் அதன் வாய்க்குள் போகாது, மாதாமாதம் ஸ்வார்ட்டெயில் போடும் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஏஞ்சல் வயிற்றுக்குள் போவதால் தொட்டியும் நிரம்பி வழியாது. கொஞ்சம் மனசு கஷ்டமாக இருக்கும், ஆனால் குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்ற தலைவலி இல்லை. நீண்ட காலம் நன்றாகவே ஓடிய கூட்டணி இது. பிறகு இரண்டு ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்து ஃபில்டர் குழாயில் முட்டையிட ஆரம்பித்தன, அன்றிலிருந்து பாதித் தொட்டி அவற்றுக்குத்தான், மற்ற மீன்கள் எல்லாம் எதிர் மூலையில் ஒட்டிக்கொண்டன. ஜோடியை எடுத்து 2 அடித் தொட்டிக்கு மாற்றியதும் அடுத்த நாளே பழையபடி நடமாட்டம் வந்துவிட்டது. ஏஞ்சல் வளர்க்க நினைத்தால் உயரமான இன்னொரு சின்னத் தொட்டி கைவசம் இருக்கட்டும், என்றைக்காவது கட்டாயம் தேவைப்படும்.

ஏஞ்சலோடு டைகர் பார்ப் வேண்டவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டாக வைத்தால் அவை தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும், பக்கத்து மீனைக் கடிப்பது குறையும் என்பது உண்மைதான், நண்பர் வீட்டில் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் ஏஞ்சலின் நீண்ட இழைத் துடுப்பு கண்ணுக்கெதிரே ஆடிக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் சும்மா இருக்கும்? ஃபைட்டர் மீனோடு ஆண் கப்பியும் இதே கதைதான், இங்கே கப்பியின் பெரிய வண்ண வாலைப் பார்த்து எதிரி என்று நினைத்துப் பாயும்.

கப்பி, மோலி வகைகளில் ஆணும் பெண்ணும் சமமாக வாங்காதீர்கள். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருந்தால்தான் பெண் மீனுக்கு ஓய்வு. இல்லாவிட்டால் நாள் முழுக்கத் துரத்தப்பட்டே இளைத்துப்போகும். சாதுவான மீன் என்று பெயர் எடுத்தவற்றிடமே இந்தத் தொல்லை அதிகம்.

அடுத்து சக்கர் மீன். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இரண்டு அங்குலத்தில் கொடுப்பார்கள், அது ஓர் அடியைத் தாண்டி வளரும், சுத்தம் செய்வதைவிடப் போடும் கழிவு அதிகம். பெரிதானதும் கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் மாதிரித் தட்டையான, மெதுவாக நகரும் மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு உடம்பில் இருக்கும் வழவழப்பை உறிஞ்சும், அந்த இடம் புண்ணாகும். வளர்ந்த பிறகு ஏரியில் விடுபவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், தயவுசெய்து விடாதீர்கள். நம் ஏரிகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது, முள்ளும் தடித்த தோலுமாக வலையைக் கிழிக்கிறது, மீனவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாசியைத் தின்ன என்னிடம் இருப்பது நெரைட் நத்தை. கடினமான தண்ணீர் அதன் ஓட்டுக்கு நல்லது, கடல் உப்பு இல்லாத நன்னீரில் அதன் முட்டை பொரியாது என்பதால் பெருகவும் பெருகாது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டியிருப்பது சிலருக்குப் பிடிக்காது, எனக்கு அது பெரிதில்லை.

தரையில் வெண்கலக் கோரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தி மீன்கள் ஆறு. ஆறுக்குக் குறைந்தால் பயந்து ஒளிந்துகொள்ளும். கூர்மையான ஜல்லியில் மீசை தேய்ந்துவிடும், மணல்தான் வேண்டும். மேலே இருக்கும் மீன்கள் எல்லாத் தீனியையும் பிடித்துக்கொள்வதால் இவற்றுக்கு விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் பெல்லட் தனியாகப் போட வேண்டும். மிச்சத்தைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேல்மட்டத்தில் ஜீப்ரா டானியோ. நம் நாட்டு மீன்தான், படு சுறுசுறுப்பு, ஆனால் தீனி போட்டதும் பாதியை அதுவே அள்ளிவிடும், அதனால் ஒரு மூலையில் அதற்குப் போட்டுத் திசை திருப்பிவிட்டு அடுத்த மூலையில் மற்றவற்றுக்குப் போடுகிறேன்.

சென்னை மே மாதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தொட்டித் தண்ணீர் 32 டிகிரி வரை போகிறது, சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாகும் தண்ணீரை மட்டும் அவ்வப்போது ஊற்ற வேண்டும். குளிர்ந்த தண்ணீர் கேட்கும் கோல்டு ஃபிஷ்ஷை இந்தக் கூட்டத்தில் சேர்க்காததற்கு இதுவே போதுமான காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மிஸ் கேரளா மீன் மீதும் எனக்கு ரொம்ப ஆசை, ஆனால் அதற்கு வேகமாக ஓடும் தண்ணீரும் குறைந்தது 4 அடித் தொட்டியும் வேண்டும், காட்டில் எண்ணிக்கை குறைந்துவரும் இனம் வேறு. பண்ணையில் பிறந்தது என்று உறுதியாகத் தெரியாமல் வாங்க மாட்டேன்.

புதிதாக எது வந்தாலும் மூன்று வாரம் தனி டப்பாவில், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு. வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பெரிய தொட்டிக்கு மாற்றும் அன்று கல்லையும் செடியையும் கொஞ்சம் இடம் மாற்றி வைப்பேன், பழைய மீன்களுக்கும் எல்லை கலைந்துபோவதால் புதியதைத் துரத்துவது குறைகிறது. விளக்கை அணைத்துவிட்டு இரவில் விட்டால் இன்னும் நல்லது.