தறி நின்றபிறகு கேட்கும் சத்தம்: கேபினெட் ஃபேன்களோடு மூன்று வருடம்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் பகல் முழுக்க விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் கம்ப்யூட்டர் ஃபேன் கத்துகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி தறி நின்றபிறகுதான் வினை. 2022இல் சேலை டிசைன் வேலைக்காக இந்த கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொண்டுவந்த அன்றைக்கே, அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, "என்ன கண்ணு, மாவு மிஷின் எதாவது வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்டார்.

கேபினெட்டோடு, அதாவது கம்ப்யூட்டர் பெட்டியோடு, வந்த மூன்று ஃபேன்களும் மோலெக்ஸ் கனெக்டர் (பவர் சப்ளையிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் நான்கு ஒயர் சொருகி) வைத்தவை. பவர் சப்ளையிலிருந்து நேராக 12 வோல்ட். எல்லாப் பாகமும் சொருகும் தாய்ப்பலகையான மதர்போர்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆன் செய்த நொடியிலிருந்து ஆஃப் செய்யும்வரை ஒரே வேகம். கடைக்காரரிடம் கேட்டால், "சூடு குறைஞ்சா தானா குறையும் தம்பி" என்றார். எப்படிக் குறையும்? வேகத்தைக் குறைக்கச் சொல்ல ஒயரே இல்லையே.

கொஞ்ச நாள் பழைய வித்தை ஒன்றைச் செய்துபார்த்தேன். மோலெக்ஸில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். கறுப்பை விட்டுவிட்டு இந்த இரண்டுக்கும் நடுவே ஃபேனைக் கோர்த்தால் 7 வோல்ட்தான் போகும். சத்தம் நன்றாகவே அடங்கியது. ஆனால் ஏப்ரல் வந்ததும், வெயிலுக்குத் தக்கபடி ஏற்ற வழியில்லாமல் மாட்டிக்கொண்டேன். ஃபேன் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் போய் 5 வோல்ட் லைனில் ஏறிவிடும் என்ற பயமும் இருந்தது. நான் செய்தேன் என்று யாரும் செய்யாதீர்கள்.

அப்புறம்தான் உருப்படியாக நான்கு பின் ஃபேன் வாங்கினேன். முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க மூன்று, எல்லாம் 120 மில்லிமீட்டர். பின்பக்கத்துக்கு நான்கு பின் ஸ்டாக் இல்லை என்று மூன்று பின்னைக் கொடுத்துவிட்டார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்: மூன்று பின்னில் ஒன்று கிரவுண்டு, ஒன்று 12 வோல்ட், ஒன்று ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மதர்போர்டுக்குச் சொல்வது. வேகத்தைக் குறைக்க வோல்டேஜையே குறைக்க வேண்டும். பயாஸில் (மதர்போர்டின் சொந்த செட்டிங் திரை) இதற்கு டிசி மோடு என்று பெயர். நான்கு பின்னில் 12 வோல்ட் அப்படியே இருக்கும். நான்காவது ஒயரில் நொடிக்கு 25,000 முறை அணைந்து எரியும் சிக்னல்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். அது பிடபிள்யூஎம்.

மூன்று பின் கனெக்டர் நான்கு பின் சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஓரத்தில் ஒரு பின் மட்டும் வெறுமனே நிற்கும். நானும் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று மூடிவிட்டேன். பின்பக்க ஃபேன் மட்டும் ஓயாமல் அலறியது. ஃபேன்தான் பழுது என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் அந்த சாக்கெட் பயாஸில் பிடபிள்யூஎம் மோடில் இருக்கிறது. கேட்க ஆளில்லாத நான்காவது பின்னில் போர்டு கத்திக்கொண்டிருக்க, ஃபேன் முழு 12 வோல்ட்டில் பறந்திருக்கிறது. டிசிக்கு மாற்றியதும் வாயை மூடிக்கொண்டது.

அடுத்த தலைவலி, வேகம் ஏறி இறங்குவது. ஒரு ஃபைலைத் திறந்தால் ப்ராசஸர் சூடு சட்டென்று 15 டிகிரி எகிறும், ஃபேன் ஊளையிடும், மறுநொடி அடங்கும். ஒரே சீரான சத்தத்தைக்கூடத் தாங்கலாம், இதைத் தாங்க முடியாது. கேபினெட் ஃபேனை ப்ராசஸர் சூட்டைப் பார்க்கவிடாமல் மதர்போர்டு சூட்டைப் பார்க்கவைத்தேன். அது நிதானமாகத்தான் ஏறும், நிதானமாகத்தான் இறங்கும். ஊளை போயே போய்விட்டது. இந்த மூன்று வருடத்தில் காசு செலவில்லாமல் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான்.

ஆனால் டிசம்பரில் போட்ட அளவு சித்திரை வெயிலில் செல்லுபடியாகாது. உள்ளே போகும் காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்தப் பாகத்தையும் ஃபேனால் ஆக்க முடியாது. அறையே 38 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது, 40 டிகிரியிலேயே வேகமெடு என்று சொல்லிவைத்தால் அது நாள் முழுக்க வேகமெடுத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் பயாஸில் இரண்டு ப்ரொஃபைல் சேமித்து வைத்திருக்கிறேன். வெயில் காலத்துக்கானதில் வேகமெடுக்கும் இடத்தை எட்டு டிகிரி தள்ளிப் போட்டிருக்கிறேன்.

போன வருடம் ஏற்காட்டில் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கி வேலை பார்த்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக மடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே ஃபேன்கள் 500 ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு 500 சுற்றை, தாண்டவே இல்லை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்து சதவீதம்போலக் குறைவு, சூட்டை அள்ளிக்கொண்டு போகும் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். குளிர் அதையெல்லாம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். முன்பக்க மூன்று ஃபேனையும், ஒன்றை மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயரில் ஒரே சாக்கெட்டில் கொடுத்திருந்தேன். ஒரு சாக்கெட் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். ஃபேனின் முதுகில் 0.18 ஆம்பியர் என்று போட்டிருந்தது, மூன்றுக்கும் சேர்த்து 0.54. கணக்கு சரி. ஆனால் ஸ்ப்ளிட்டரில் ஒரே ஒரு கனெக்டருக்குத்தான் சுற்று எண்ணும் ஒயர் இருக்கும். மற்ற இரண்டும் செத்தாலும் போர்டுக்குத் தெரியாது. பயாஸ் 900 ஆர்பிஎம் என்று நிம்மதியாகக் காட்டிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டு ஏன் இவ்வளவு கொதிக்கிறது என்று திறந்துபார்த்தால், நடு ஃபேன் அசையவே இல்லை. நடு மையத்தில் பஞ்சும் ஊதா நிறப் பாவு நூலும் திரிபோலச் சுற்றி இறுகியிருந்தது. ஃபில்டரின் மேல் ஒரு மூலையைப் பிடித்து உரித்தேன். கம்பளித் துண்டு மாதிரி முழுசாக வந்தது.

உள்ளே இழுப்பது மூன்று, வெளியே தள்ளுவது ஒன்று என்று வைத்தால் காற்று ஃபில்டர் வழியாக மட்டுமே வரும், சந்துபொந்து வழியாகத் தூசி நுழையாது என்பார்கள். உண்மைதான். எங்கள் தெருவில் ஃபில்டர் அடைத்துப்போக மூன்று வாரம் போதும், அத்தோடு அந்த லாபம் போய்விடும். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுகிறேன். ப்ளோயர் அடிப்பதாக இருந்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான். விட்டுவிட்டால் காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங்கைக் கெடுக்கும்.

ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டேன். போர்டில் கேபினெட்டுக்கென்று மூன்று சாக்கெட் உண்டு. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்தாகிவிட்டது. மிச்சமான நடு ஃபேன் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. பின்பக்க மூன்று பின் ஃபேன் போன வாரத்திலிருந்து டிக் டிக் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை தறி லீவு, அன்றைக்கு மாற்றி மாட்டிக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.