ஒற்றைக் குறியா, விருப்ப வரிசையா: பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும்

நாடாளுமன்றக் கீழவைகளான பிரிட்டனின் காமன்ஸ் சபை, ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபை இரண்டிலும் தொகுதிக்கு ஓர் உறுப்பினர்தான். முன்னதில் 650 பேர், பதவிக்காலம் ஐந்தாண்டு வரை. பின்னதில் 150 பேர், மூன்றாண்டு. உண்மையான வித்தியாசம் வாக்குச்சீட்டில் இருக்கிறது.

பிரிட்டனில் ஒரு பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டால் வேலை முடிந்தது. அதிக வாக்கு வாங்கியவர் எம்.பி.; பாதி வாக்கு தேவையில்லை. 2024இல் தொழிற்கட்சி சுமார் 34 சதவீத வாக்கில் 411 இடங்களைப் பிடித்தது!

ஆஸ்திரேலியாவில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். 1918 முதல் இப்படித்தான். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு விழுந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். சின்னக் கட்சிக்குப் போட்டால் ஓட்டு வீணாகுமோ என்ற பயம் இல்லை. ஓட்டுப் போடாவிட்டால் அபராதம், அது தனிக்கதை.

எனக்கு ஆஸ்திரேலிய முறைதான் பிடிக்கிறது. ஆனால் அதுவும் விகிதாசாரம் (வாக்கு சதவீதத்துக்கு ஏற்ற அளவில் இடங்கள்) ஆகாது: 2022இல் லேபர் கட்சி முதல் விருப்பத்தில் 33 சதவீதம் வாங்கி, அன்றிருந்த 151 இடங்களில் 77ஐ வென்றது. ஏறக்குறைய இதே முறையை 2011 பொதுவாக்கெடுப்பில் பிரிட்டன் மக்களிடம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 'வேண்டாம்' என்றுவிட்டார்கள்.