டீகப் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

டீகப் பொமரேனியன் (டீ கப்புக்குள் அடங்கிவிடும் சைஸ் என்று அர்த்தம்), டாய் பொம், மினி ஷிட்ஸூ என்று இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் விளம்பரங்களைப் பார்த்துக் குட்டி வாங்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்களுக்குப் பணம் போனது ஒரு பக்கம். விற்ற ஆள் அக்கறையாகச் சொல்வதுபோல் சொல்லிக் கொடுத்த சாப்பாட்டு முறைதான் குட்டியைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது அதுதான்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் நாய்க்குட்டி வாங்கித் தருவதாக மகளிடம் சொல்லியிருந்தோம். சென்னையில் அபார்ட்மென்ட் வீடு, அதனால் சின்ன இனமாகப் பார்த்தோம். விலை 28,000 ரூபாய். "60 நாள் குட்டி அக்கா, ஊசி போட்டாச்சு, பூச்சி மருந்து கொடுத்தாச்சு, முழுசா வளர்ந்தாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டாது" என்றார் விற்றவர். தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். பண்ணை பெங்களூர் பக்கம் இருக்கிறது, வெளியாட்கள் வந்தால் குட்டிகளுக்குப் பார்வோ (ரத்த பேதியில் கொல்லும் வைரஸ் நோய்) தொற்றிக்கொள்ளும், அதனால் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று பதில் வந்தது. பார்வோ கிருமி செருப்பு, துணி வழியாகப் பரவும் என்பது உண்மைதான். அந்த உண்மையைத்தான் இவர்கள் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வீடியோ காலில்கூடத் தாயைக் காட்டவில்லை. கோயம்பேடு பக்கம் ஒரு டீக்கடை வாசலில் வைத்து, செய்தித்தாள் விரித்த செருப்புப் பெட்டியில் குட்டியைக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, "ஜீபே பண்ணியிருக்கீங்களே, அதுவே பில்தான்" என்றார்.

அன்று இரவு அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். "காலையில ஒரு ஸ்பூன் செரிலாக், ராத்திரி ஒரு ஸ்பூன். நடுவுல அழுதா ரெண்டு சொட்டு பால். அதுக்கு மேல குடுத்தீங்கன்னா சைஸ் ஏறிடும் அக்கா, அப்புறம் டீகப்னு சொல்ல முடியாது."

இந்த ஒரு வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் அந்த இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். பட்டினி போட்டால் குட்டி அழகாகச் சின்னதாக நின்றுவிடாது. எலும்பும் மூளையும் வளர வேண்டிய வாரங்களில் அது நோஞ்சானாகும், அல்லது செத்துப்போகும்.

ஏன் என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கியதைச் சொல்கிறேன். உடம்பில் சர்க்கரை குறையும்போது கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையும், கொழுப்பும், தசையும் கைகொடுக்கும். அரைக் கிலோ எடையுள்ள குட்டியிடம் இந்த மூன்றுமே சொற்பம். கல்லீரலும் இன்னும் முழுதாக வேலை பழகியிருக்காது. லாப்ரடார் குட்டி ஒரு வேளை சாப்பிடாவிட்டால் கத்தும், அவ்வளவுதான். டாய் என்று சொல்லும் மிகச் சின்ன இனக் குட்டி சில மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தாலே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். அதோடு பயணம், புது இடம், ஏசி குளிர், வயிற்றில் பூச்சி, பேதி இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் சரிவு இன்னும் வேகமாக நடக்கும். பிறந்து மூன்று, நான்கு மாதம் வரை இந்த ஆபத்து உண்டு.

எங்கள் வீட்டில் அது நடந்தது விடியற்காலையில். முந்தின நாளே குட்டி மந்தமாக இருந்தது, நடக்கும்போது பின்னங்கால் தள்ளாடியது. விற்றவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினோம். "குட்டின்னா தூங்கத்தான் செய்யும் அக்கா" என்று பதில். விடிவதற்குள் பெட்டிக்குள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது, கால்கள் நீச்சலடிப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தன. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெளுத்துப்போய், தொட்டால் சில்லென்று இருந்தது. வலிப்பு என்று நினைத்த மாமியார் சங்கை எடுத்துப் பால் புகட்ட வந்தார். அதற்குள் என் கணவர் இரவு நேரக் கால்நடை மருத்துவர் ஒருவரைப் போனில் பிடித்துவிட்டார். "வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். தேன் இருந்தா விரல்ல தொட்டு ஈறுல தேய்ங்க. துணியில சுத்திக்கிட்டு உடனே கிளம்பி வாங்க" என்றார். மகள் வழியெல்லாம் தேனைத் தொட்டுத் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே வந்தாள். கிளினிக் வாசலை அடையும்போது நாக்கு லேசாக அசைந்து அவள் விரலை நக்கியது.

காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை 32. அறுபதுக்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டும் என்றார் மருத்துவர். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றி, கதகதப்பான விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். குட்டி கண் விழித்து நிதானத்துக்கு வந்த பிறகு அதன் உதட்டைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். முன்பற்களும் கோரைப் பற்களும் ஊசி முனைபோல இருந்தன. பக்கவாட்டில், கடைவாய்ப் பக்கம், பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன. "யாரும்மா இதுக்கு அறுபது நாள்னு சொன்னது? அஞ்சு வாரம் இருந்தா அதிகம். இன்னும் அம்மாகிட்ட இருக்க வேண்டிய குட்டி" என்றார். எட்டு வாரக் குட்டிக்குப் பால் பற்கள் 28ம் முளைத்திருக்க வேண்டுமாம். எடை 520 கிராம். வயிறு மட்டும் உப்பியிருந்தது, அது நாடாப்புழு இல்லை, உருளைப்புழு என்று மலப் பரிசோதனையில் தெரிந்தது. பூச்சி மருந்து கொடுத்தாச்சு என்ற பேச்சு அங்கேயே பொய்யானது.

பிறகு தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தார். ஊசிக் குப்பியின் லேபிளை உரித்து ஒட்டியிருந்தார்கள், தேதியும் இருந்தது. மருத்துவர் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, படிக்க முடியாத ஒரு கிறுக்கல் மட்டும். அட்டையின்படி ஊசி போட்ட நாளையும் குட்டியின் உண்மையான வயதையும் வைத்துக் கணக்குப் போட்டால், மூன்று வாரம்கூட ஆகாத குட்டிக்குப் போட்டிருக்க வேண்டும். அந்த வயதில் தாய்ப்பாலிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்ய விடாது. போட்டே இருக்க மாட்டார்கள் என்பதுதான் என் நம்பிக்கை. முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில், பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி என்று நாங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். அதெல்லாம் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கவே இல்லை.

இப்போது சாப்பாட்டு விஷயம். விற்கிறவர்கள் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கும், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தூங்கப் போகும் முன் ஒரு தடவை, பன்னிரண்டு வாரம் ஆகும் வரை நள்ளிரவிலும் ஒரு தடவை எழுந்து கொடுத்தோம். சின்ன இனக் குட்டிகளுக்கான உலர் உணவை வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, விரலால் மசித்துக் கொடுத்தால் போதும். அதோடு உப்பு, மசாலா இல்லாமல் வேக வைத்த கோழியைப் பொடியாகப் பிய்த்துக் கலக்கலாம், வேக வைத்த முட்டையும் கொஞ்சம் சேர்க்கலாம். உணவை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். திடீரென்று மாற்றினால் பேதி வரும், பேதி வந்தால் சாப்பாடு இறங்காது, மறுபடி சர்க்கரை சரியும். செரிலாக் மனிதக் குழந்தைக்கானது, குட்டிக்குத் தேவையான புரதம் அதில் போதாது. பசும்பால் வேண்டவே வேண்டாம். நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையோ குறைவு. அதனால் பசும்பால் குடித்த குட்டிக்குப் பசியும் அடங்காது, வயிறும் கலங்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் கண்ணிலேயே படக்கூடாது. பாயசத்திலிருந்து எடுத்துப் போடும் உலர் திராட்சையும் இதில் சேர்த்திதான், வீட்டில் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். காய்ச்சல் மாதிரி தெரிகிறது என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். குட்டியின் எடை ஏற வேண்டும், ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனியுங்கள், குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். தேன் பாட்டிலைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈறில் தேய்ப்பது மருத்துவமனை போய்ச் சேரும் வரைக்குமான முதலுதவிதான். குட்டி எழுந்துவிட்டது என்று வீட்டிலேயே நின்றுவிடாதீர்கள், சற்று நேரத்தில் மறுபடி சரியலாம். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் பொருட்களில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அது நாய்க்கு விஷம், அதைத் தேனுக்குப் பதிலாகத் தேய்த்துவிடாதீர்கள்.

கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள், இந்த இனங்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனம். சோபாவிலிருந்து குதித்தே முன்னங்கால் உடையும் குட்டிகள் நிறைய உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை விற்கிறவர்களில் பலர் தெரிந்தே மறைக்கிறார்கள். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பது பற்றி மத்திய அரசு 2017ல் விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குட்டிக்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் உள்ள சின்னச் சிப்) பொருத்தி, தடுப்பூசி விவரங்களோடு கொடுக்க வேண்டும். ஆகவே முதல் கேள்வியாகப் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். குட்டியைத் தாயோடு சேர்த்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தடுப்பூசி அட்டையில் உள்ள மருத்துவருக்குப் போன் போட்டு, இந்தக் குட்டிக்கு நீங்கள்தான் போட்டீர்களா என்று கேளுங்கள், நல்ல மருத்துவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். விற்பவர் குட்டியின் வாயைத் திறந்து காட்டட்டும். உங்கள் கண்முன் அது சாப்பிடட்டும். பசியில் வெறி பிடித்தாற்போல் தட்டைக் காலி செய்தாலும் யோசியுங்கள், முகர்ந்துவிட்டு ஒதுங்கினாலும் யோசியுங்கள்.

டீகப் என்று தனி இனம் எதுவும் கிடையாது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அப்படி ஒன்றைப் பதிவு செய்வதில்லை. அசல் பொமரேனியனே வளர்ந்தால் ஏறத்தாழ 2 முதல் 3.5 கிலோ வரும் சின்ன நாய்தான். கென்னல் கிளப் பேப்பர் இருக்கிறது என்றால் அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் உடம்பில் இருக்கும் சிப்பும் ஒன்றா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் குட்டிக்குச் சிப்பே இல்லை. இப்போது ஐந்தரைக் கிலோ இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, மாடிப்படியெல்லாம் தாவி ஏறுகிறது. பொமரேனியனும் இல்லை, நம் ஊரில் காலங்காலமாகப் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கிற இந்தியன் ஸ்பிட்ஸ் கலப்பு என்கிறார் மருத்துவர். எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என்ன இனமாக இருந்தாலும் அது எங்கள் வீட்டுப் பிள்ளை. ஆனால் ஐந்து வாரத்தில் அதைத் தாயிடமிருந்து பிடுங்கி, அளந்து அளந்து பட்டினி போட்டு, டீகப் என்று பெயர் வைத்து விற்றதை மன்னிக்க முடியாது.

மருத்துவச் செலவு குட்டியின் விலையை நெருங்கிவிட்டது. அதை விற்றவரிடம் கேட்டபோது, "குட்டியைத் திருப்பிக் குடுங்க அக்கா, வேற மாத்தித் தரேன்" என்றார். பழுதான மிக்ஸியா அது, மாற்றித் தருவதற்கு? திருப்பிக் கொடுத்தால் அந்தக் குட்டி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு பிசைகிறது. மறுத்ததும் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்தோம், மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும் எழுதினோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். எங்கள் கையில் இருப்பவை ஜீபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்த வாய்ஸ் மெசேஜ், போலி அட்டை, குட்டியின் வயதைக் குறிப்பிட்டு மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்று. இதே மாதிரி மாட்டியவர்கள் எதையும் அழிக்காமல் வையுங்கள், விற்பவரின் பக்கத்தை அது மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வயது பற்றிய சான்றை முதல் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் பெயரையும் பாருங்கள், எங்களுடையது விற்றவர் சொன்ன பெயரில் இல்லை. அதே ஆள் இப்போது வேறு பெயரில் வேறு பக்கம் திறந்திருக்கிறார். எல்லாப் படத்திலும் அதே நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிமேல், சுவரில் முருகன் காலண்டர் தெரிய, உள்ளங்கையளவு குட்டிகளை உட்கார வைத்து எடுத்திருக்கிறார்.