649 வெள்ளி கொடுத்தும் அதே வேகம்: பழைய கேமிங் கணினியைக் கடைக்குத் தூக்கிப் போகும் முன் படித்துவிடுங்கள்

ஓ லெவல் தேர்வு முடியட்டும், கணினியைச் சரிசெய்து தருகிறேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். புதிது வாங்கும் எண்ணம் இல்லை. வீட்டில் இருப்பது 2017ல் வாங்கிய பெட்டி. இன்டெல் ஐ5-7400 பிராசசர், பி250 மதர்போர்டு, 4 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 400 வாட் பவர் சப்ளை. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. குறை சொல்ல முடியாமல் உழைத்தது. கவுன்டர் ஸ்டிரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வந்த பிறகுதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சும்மா நடந்தால் நொடிக்கு 80 ஃபிரேம், அதாவது 80 படம் ஓடும், நாலு பேர் சேர்ந்து சுட்டால் 40க்கு விழும்.

சிங்கப்பூர் நகரத்துக்குள் ஒரு கடை. பெயர் போடவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்லமாட்டேன். உள்ளே நுழைந்ததும் கவுன்டரில் இருந்த தம்பி "வாங்கண்ணே" என்றார். அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். தேக்காவில் காய்கறிக் கடையில் தமிழ் கேட்பது அதிசயமில்லை. வாட், கோர் என்று கணினியைத் தமிழில் விளக்குகிற ஆள் கிடைத்தால் மனசு இளகிவிடுகிறது. 2014ல் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் வியட்நாம் பயணி ஒருவர் போன் கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்டு மண்டியிட்டு அழுத காணொளி பலருக்கு நினைவிருக்கும். அவர் ஊருக்குப் புதியவர், நமக்கு அதெல்லாம் நடக்காது என்றுதான் நானும் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

தம்பி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கார்டுதான் பழசு அண்ணே. ஆர்டிஎக்ஸ் 4060 போட்டா ராக்கெட் மாதிரி ஓடும். பிராசசர் எல்லாம் தாங்கும்."

பாட்டில்நெக் வராதா, அதாவது வேறொரு பாகம் கார்டை இழுத்துப் பிடிக்காதா என்று கேட்டேன். அந்த வார்த்தை எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. "அதுக்குத்தான் நம்ம டியூனிங் இருக்கே" என்றார். கார்டு 479 வெள்ளி, 16 ஜிபி ரேம் 75, பவர் கேபிள் கிட் 35, பாட்டில்நெக் டியூனிங் 60. மொத்தம் 649. விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். இந்த முழுக் கதையிலும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மூன்று நாள் கழித்துப் போய் எடுத்து வந்தோம். இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்த மகன் ஒன்பது மணிக்கு எழுந்து வந்து, "அப்பா, அதே மாதிரிதான் இருக்கு" என்றான். படம் மட்டும் அழகாகத் தெரிகிறதாம். ஃபிரேம் 85. சண்டை வந்தால் மறுபடியும் 40.

கடைக்குப் போன் அடித்தால் ஒரு நாள் "விண்டோஸ் அப்டேட் பண்ணுங்கண்ணே", மறுநாள் "மானிட்டர் பழசா இருக்கும்ணே". அண்ணே மட்டும் குறையவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா மகன் வந்தான். தேசிய சேவையில் இருக்கிறான், கணினியைத் தானே பூட்டுகிற ஆள். பெட்டியில் கை வைக்கும் முன் அவன் செய்த ஒன்றை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. விளையாட்டில் கிராபிக்ஸ் அளவை உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு இறக்கினான். ஃபிரேம் எண்ணிக்கை அசையவில்லை. "கார்டு திணறினா, செட்டிங்கைக் குறைச்சதும் ஃபிரேம் ஏறணும் மாமா. ஏறலைன்னா கார்டு சும்மா உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம்." ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் திரை மூலையில் எண்களை ஓடவிட்டான். பிராசசரில் கணக்குப் போடும் நான்கு கோரும் 100 சதவீதம். 479 வெள்ளிக் கார்டு 40, 45 என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது என்ற கணக்கையெல்லாம் பிராசசர் முடித்துக் கொடுத்தால்தான் கார்டு அடுத்த படத்தை வரையும். ஐ5-7400க்கு நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஏற்கும் வேலை), அவ்வளவுதான். அடுப்படியில் ஒரே சமையல்காரரை விட்டுவிட்டுப் பரிமாற நாற்பது பேரை வைத்த கல்யாணப் பந்தி மாதிரி. எங்கள் 1080பி திரையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பிக்சல் கூடினால் வேலை கூடுவது கார்டுக்கு; 1080பி-யில் முதலில் நாக்குத் தள்ளுவது பிராசசர்.

அப்புறம் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தான். ரேம் பக்கத்தில் 'சிங்கிள்' சேனல் என்று இருந்தது. வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதியது "16 ஜிபி டூயல் சேனல்". உள்ளே இருந்தது 16 ஜிபி ஒற்றைத் துண்டு. என் பழைய 4 ஜிபி இரண்டையும் கழற்றி வைத்துக்கொண்டார்கள், கேட்கவும் இல்லை. என் போர்டில் சேருவது டிடிஆர்4 ரக ரேம்தான், அதற்கு முந்தைய டிடிஆர்3 உட்காராது. டிடிஆர்4-2400 துண்டு ஒன்று தனியாக நின்றால் நொடிக்கு 19.2 ஜிபி வரைதான் தரவு போகும். ஜோடியாக நின்றால் 38.4. முன்பு எனக்கு ஜோடி இருந்தது. ஏற்கெனவே திணறுகிற பிராசசரின் பாதையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அதற்கு 75 வெள்ளியும் வாங்கியிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்தபோது கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. 'பவர் கேபிள் கிட்' என்பது சாட்டா பவர் முனையை, கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் முனையாக மாற்றும் ஒரு மலிவு ஒயர். பழைய 1050 டிஐ 75 வாட் கார்டு, போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதனால் என் பவர் சப்ளையில் 8 பின் முனை கிடையாது, தேவைப்படவும் இல்லை. 4060க்கு 115 வாட் வேண்டும். 8 பின் முனை 150 வாட்டுக்கு என்று செய்தது. சாட்டா முனை ஹார்ட் டிஸ்க்குக்கு என்று செய்தது, 12 வோல்ட்டில் 54 வாட்டோடு அதன் கணக்கு முடிந்தது. மருமகன் ஒயரைத் தொட்டவன் உடனே அணைக்கச் சொன்னான். பிளாஸ்டிக் நன்றாகச் சூடேறியிருந்தது. வீவக அடுக்குமாடி வீட்டில், மகன் தூங்கும் அறையில், மெத்தைக்கு ஒரு முழம் தள்ளி. மற்றதையெல்லாம் ஏமாந்த கணக்கில் எழுதிவிடலாம், இதை என்னால் முடியவில்லை.

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். தம்பி சளைக்கவில்லை. "சரிண்ணே, அப்ப பிராசசரையும் மாத்திடுவோம். எட்டாவது ஜெனரேஷன் ஐ5-8400, ஆறு கோர். அதே 1151 சாக்கெட்தான், அப்படியே உட்கார்ந்துடும். 180 வெள்ளி."

நான் தலையாட்டியிருப்பேன். மருமகன் குறுக்கே புகுந்தான். சாக்கெட் பெயர் ஒன்றுதான், உட்காரவும் செய்யும். ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும், பி250ல் போட்டால் கணினி கிளம்பாது. "கிளம்பலைன்னா போர்டும் மாத்தணும்னு சொல்வீங்க, இல்லண்ணே?" என்றான். அதற்குப் பிறகு தம்பி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்.

கார்டைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம். பெட்டி பிரித்தாகிவிட்டது, பொருளில் பழுதில்லை. உண்மைதான், கார்டில் ஒரு குறையும் இல்லை. ராக்கெட் மாதிரி ஓடும் என்று வாயால் சொன்னதற்கு என்னிடம் என்ன சாட்சி? ஆனால் "டூயல் சேனல்" என்ற வரி எழுத்தில் இருந்தது. சொன்னபடி இல்லாத பொருளைப் பற்றிக் கேட்க இங்கே சட்டம் இருக்கிறது. லெமன் லா என்பார்கள், 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் எழுதினேன். அதோடு சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்துக்குப் போவேன் என்றும் கடைக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் கிடையாது, 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு நம்மைப் போன்றவர்கள் கட்ட வேண்டியது 10 வெள்ளி. இரண்டு நாளில் கடை இறங்கி வந்தது. ரேம், கேபிள், டியூனிங் மூன்றுக்குமாக 170 வெள்ளி பேநவ் வழியாக வங்கிக் கணக்குக்கு வந்தது. 1050 டிஐ மட்டும் "டிஸ்போஸ் பண்ணிட்டோம்". கார்டு என் தலையில்தான்.

இப்போது கணினி ஓடுவது மருமகன் புண்ணியத்தில். போர்டுக்காரர்களின் தளத்தில் எந்தெந்த பிராசசர் சேரும் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு, பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் ஐ7-7700 ஒன்றை 95 வெள்ளிக்குப் பிடித்தான். அதே போர்டு, நான்கு கோர், ஆனால் எட்டு த்ரெட். 8 ஜிபி ரேம் ஜோடி. 8 பின் முனை தானே உள்ள 550 வாட் பவர் சப்ளை, அது மட்டும் புதிது. பவர் சப்ளையைப் பழசாக வாங்காதீர்கள் மாமா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். இப்போது 130 ஃபிரேம் பக்கம் ஓடுகிறது, சண்டையிலும் 80க்குக் கீழே போவதில்லை. கார்டு 70 சதவீதம்தான் உழைக்கிறது. பாதி விலையில் பழைய கார்டு ஒன்று போதுமாக இருந்திருக்கும். போதாக்குறைக்கு 4060க்கு, கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பிசிஐஇ பாதை எட்டுதான். 4.0 வேகத்துக்கு என்று செய்த அதை என் 3.0 போர்டில் செருகினால் போக்குவரத்து பாதி. இதையும் கடையில் சொல்லவில்லை.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பட்டியலில் ஏழாம் தலைமுறை ஐ7-7700 இல்லை. அதனால் இதற்கு மேல் இந்தப் பெட்டியில் ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள் என்றும் மருமகன் சொல்லியிருக்கிறான். அதைக் கடையில் முதல் நாளே கேட்டிருந்தால் 649 வெள்ளியைப் புதுப் பெட்டிக்குச் சேர்த்து வைத்திருப்பேன்.

நீங்கள் போவதாக இருந்தால், கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து உள்ளே நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் பழைய பாகம் எல்லாம் கைக்கு வரவேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். ரேம் எத்தனை துண்டு, பவர் சப்ளை என்ன மாடல் என்று எழுதித் தராமல் 'கிட்', 'டியூனிங்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் பழைய ரேம் இரண்டையும் தபாலில் அனுப்புவதாகக் கடையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். போன வாரம் உறை வந்தது. உள்ளே 4 ஜிபி ஒன்றே ஒன்று. மகன் வெளிச்சத்தில் பிடித்து ஸ்டிக்கரைப் படித்தான். டிடிஆர்3.