மண்டபம் கடற்கரையில் எங்கள் ஆண்டுக் கூட்டம்: ஒரு விடுதி அரங்கின் அனுபவம்

தை மாதக் கடைசி வாரத்தில் எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே கடலோரத்தில் இருக்கும் ஒரு விடுதியில் இரண்டு நாள் நடத்தினோம். வந்தவர்கள் 118 பேர். ஊறுகாய், மசாலாப் பொடி, சத்துமாவு, கடலை மிட்டாய் என்று சிறிய அளவில் உணவுப் பொருள் தயாரித்து விற்பவர்கள். பாதிப் பேர் கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கம். கால்வாசிப் பேர் சென்னை. வழக்கமாக ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போகிற இந்தக் கூட்டத்தை இந்த முறை ராமநாதபுரம் கடற்கரைக்கு இழுத்து வந்தவன் நான். மண்டபம் முகாம் என்கிற ஊரில் பிறந்து வளர்ந்து, இருபத்தாறு ஆண்டுகளாக ஈரோட்டில் தொழில் செய்கிறேன். ஆகவே அங்கே நடந்த நல்லதும் கெட்டதும் மற்றவர்களைவிட எனக்கு அதிகமாகவே உறைத்தது. விடுதியின் பெயரை எழுதவில்லை. இடம் தேடி நான் ஏறி இறங்கிய வேறு நான்கு விடுதிகளிலும் இதே குறைகளைப் பார்த்தேன். ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

இந்தப் பக்கம் கூட்டம் வைக்க நினைப்பவர்கள் முதலில் பஞ்சாங்கத்தைப் பிரிக்க வேண்டும். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை, மாசிச் சிவராத்திரி ஆகிய நாள்களிலும் அவற்றின் முன்பின் நாள்களிலும் ராமேஸ்வரம் தீவில் அறை கிடைப்பது அரிது. அந்தக் கூட்டம் மண்டபம் வரை வழிந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது நாட்டுப்படகு மீனை நம்பித்தான் சமையல். தை அமாவாசை கழிந்து சிவராத்திரிக்குள் வரும் வாரங்களே எங்களுக்குத் தோதாக இருந்தன. வெயில் உறைக்கவில்லை, பனங்கிழங்கும் கிடைத்தது.

சென்னைக்காரர்கள் ரயிலில் வந்து விடியும் முன்பே ராமநாதபுரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து வேனில் முக்கால் மணி நேரம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப் பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே போகவில்லை. இப்போது அந்தக் கவலை தீர்ந்துவிட்டது. விமானத்தில் வந்த இரண்டு பேச்சாளர்களுக்குத்தான் சிரமம். மதுரையிலிருந்து காரில் மூன்று மணி நேரம் ஆனது. பரமக்குடி வரை நாலுவழிச் சாலை, அதற்கப்பால் லாரிக்குப் பின்னால் லாரி. பரமக்குடி–ராமநாதபுரம் பகுதியையும் நாலுவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அது முடியும்வரை விமானத்தில் வருபவர்களை முதல் நாள் இரவே வரவழைத்துவிடுவது நல்லது.

விடுதி என்னை முழுமையாக வென்ற நேரம் அந்த விடிகாலைதான். மலைவாசஸ்தலங்களில் பகல் பன்னிரண்டு மணிக்கு முன் சாவி தரமாட்டார்கள். வந்தவர்கள் பெட்டியோடு வரவேற்பறையில் தூங்கி வழிவார்கள். இங்கே நாலரை மணிக்கு வேன் நின்றதும் மூன்று பையன்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். அறைகள் தயார், குழாயில் வெந்நீர், கூடத்தில் தேநீர். அக்கினி தீர்த்தத்தில் முழுக்குப் போடவும் கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடவும் விடிகாலையில் கிளம்புகிறவர்களுக்குச் சேவை செய்தே பழகிய ஊர் இது. அந்தப் பழக்கத்துக்கு எந்த நட்சத்திர விடுதியும் ஈடாகாது என்பேன்.

ஒன்பதரைக்கு அரங்குக்குள் நுழைந்தபோது அந்த மகிழ்ச்சி குறைந்தது. அரங்கு பெரியது, சுத்தமானது. ஆனால் அது கல்யாணத்துக்காகக் கட்டியது. மேடை நடுவே சிவப்பு வெல்வெட் சோபா, பின்னால் தெர்மாகோல் யானைகள், தலைக்கு மேல் பிளாஸ்டிக் பூ வளைவு. அதை அகற்ற முடியாது, சுவரோடு ஆணி அடித்திருக்கிறது என்றார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் பற்றி விளக்க வந்த ஓய்வுபெற்ற அதிகாரி மாப்பிள்ளை சோபாவுக்குப் பக்கத்தில் நின்று பேசும்படி ஆனது. அவர் மனம் நோகவில்லை, எனக்கு நொந்தது.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் கண்ணாடிச் சுவர். அரங்கின் ஒரு நீளச் சுவர் முழுவதும் கண்ணாடி, வெளியே பாக் விரிகுடா. விளம்பரப் படத்தில் பார்த்து நான் மயங்கியது அதில்தான். காலை வெளிச்சம் கடலில் பட்டு உள்ளே அடித்ததில் புரொஜெக்டர் திரையில் ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. திரைச்சீலை இல்லை. கடைசியில் அறைகளுக்கான படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து, கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள். நாற்பது நிமிடம் போயிற்று. முதல் பேச்சாளர் ஒரு மணி நேரப் பேச்சை இருபது நிமிடத்தில் முடித்தார். லேபிளில் எதை எப்படி அச்சிட வேண்டும் என்ற பகுதி அப்படியே விடுபட்டது. உறுப்பினர்கள் அதைக் கேட்கத்தான் பணம் கட்டி வந்திருந்தார்கள்.

மின்சாரம் இரண்டு முறை போனது. ஜெனரேட்டர் விளக்கையும் மைக்கையும் தாங்கியது, ஏ.சி.யைத் தாங்கவில்லை. உப்புக் காற்றில் ஏ.சி.யின் வெளிப்பெட்டிகள் துருவேறிக் கிடந்ததையும் பார்த்தேன். கடலிலிருந்து இருநூறு அடியில் இருக்கும் கட்டடத்துக்குப் பராமரிப்புச் செலவு அதிகம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அரங்க வாடகையில் ஏ.சி.க்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். வைஃபை அறைகளில் பரவாயில்லை. அரங்கில் நூறு பேர் ஒரே நேரத்தில் திறந்தபோது நின்றுவிட்டது.

மதிய இடைவேளையில் மேலாளரிடம் பேசினேன். முப்பது வயது இளைஞர், ராமநாதபுரத்துக்காரர், பொறுமைசாலி. “சார், இங்கே தங்க வருகிறவர்கள் யாரும் திரைச்சீலை கேட்டதில்லை” என்றார். உண்மைதான். ராமேஸ்வரத்துக்கு வருகிறவர் ராமநாதசுவாமியைப் பார்க்க வருகிறார்; அறை சுமாராக இருந்தாலும் அடுத்த ஆண்டும் வருவார். தரகர் வேண்டாம், விளம்பரம் வேண்டாம். நூற்றாண்டுகளாக அப்படி வந்தவர்களையே பார்த்த தொழில் இது. கூட்டம் நடத்துகிறவனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவனுக்கு மதுரை இருக்கிறது, புதுச்சேரி இருக்கிறது, மகாபலிபுரம் இருக்கிறது. ஒரு மைக் கரகரத்தால் அடுத்த ஆண்டு 118 பேரையும் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவான். அவன் வந்தால் அமாவாசை இல்லாத வெறும் வாரநாளில் அறுபது அறையை நிரப்புவான். வெறும் வாரநாளில் அறுபது அறை என்பது இந்தக் கடற்கரை விடுதிகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மேலாளருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கூட்டம் நடத்துகிறவர்கள் எதற்காக இங்கே வருவார்கள் என்பதைத்தான் பேசினோம்.

அவரிடம் இன்னொன்றும் சொன்னேன், அவர் கேள்விப்பட்டதே இல்லை. 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் பவளப்பாறைகள் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. இந்தியக் கடல்வாழ் உயிரியல் சங்கம் நடத்தியது. உலகெங்கும் மாறிமாறி நடக்கும் பன்னாட்டுப் பவளப்பாறை மாநாட்டு வரிசையில் அதைத்தான் முதலாவதாக எண்ணுகிறார்கள். இரண்டாவது 1973-இல் ஆஸ்திரேலியாவில், மூன்றாவது 1977-இல் மயாமியில். பிறகு மணிலா, பாலி, ஒகினாவா, ஹொனலுலு என்று பல ஊர்கள். தொடங்கிய இடம் எங்கள் ஊர். அதற்கும் முன்பே, 1962 ஜனவரியில், சூரை, அயலை வகை மீன்களைப் பற்றிய கருத்தரங்கும் இங்கேதான் நடந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் அந்நாளில் மண்டபத்தில் இருந்தது. பிறகுதான் கொச்சிக்குப் போனது. என் தந்தை அந்த நிலையத்தில் படகுப் பணியாளர். வெளிநாட்டார் வந்து இறங்கியதையும், அவர்களைப் பாறை பார்க்கக் கூட்டிப் போனதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அன்று கண்ணாடி அரங்கும் ஏ.சி.யும் யார் கொடுத்திருப்பார்கள்? மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதற்காக வந்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கும் அப்படி ஒன்று இருந்தது என்பதை இரண்டாம் நாள்தான் உணர்ந்தேன்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சமையல் மாஸ்டருக்கு என் இரு கைகளும் கூப்பிய வணக்கம். முதல் நாள் மதியம் வடநாட்டுப் பன்னீர், நாண் என்று பட்டியல் கொடுத்திருந்தார்கள். நான் சமையலறைக்குள் போய், “அண்ணே, உங்கள் வீட்டில் சமைப்பதைப் போடுங்கள்” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. இரவு ஊளி மீன் குழம்பு, நண்டு வறுவல். சைவக்காரர்களுக்கு முண்டு மிளகாய் கிள்ளிப் போட்ட வெங்காயக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்டுப் பார்த்தவர்கள் எங்களில் பத்துப் பேர்கூட இல்லை. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். குழம்புக்கு நிறமும் மணமும் தரும். சென்னிமலையில் சாம்பார்ப் பொடி அரைக்கிற ஓர் அம்மா இலையிலிருந்து எழுந்துபோய் மாஸ்டரிடம் ஒரு பிடி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மாலை நான்கு மணிக்கு அவித்த பனங்கிழங்கும் கருப்பட்டிக் காபியும். மறுநாள் கீழக்கரையிலிருந்து தொதல் வரவழைத்தார் மாஸ்டர். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிளறிய அந்த அல்வாவை மிட்டாய்க்காரர்கள் விரலால் அழுத்திப் பார்த்து, எத்தனை நாள் கெடாது என்று விவாதித்துக்கொண்டே தின்றார்கள்.

இரண்டாம் நாள் மாலை தீவுக்குப் படகில் கூட்டிப் போவதாக விடுதியில் முன்பதிவின்போதே சொல்லியிருந்தார்கள். வந்து கேட்டால் கை விரித்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. முடியாததை ஆசை காட்டிச் சொன்னதுதான் இந்த விடுதி மேல் எனக்கு இருக்கும் மிகப் பெரிய வருத்தம். அரங்கின் குறைகளை எல்லாம் மன்னித்துவிடலாம், இதை மன்னிக்கவில்லை.

படகு இல்லாமல் போனதால் மாலைக்கு வேறு வழி தேடினேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மூலம் பாம்பன் பக்கம் கடற்பாசி வளர்க்கும் பெண்களைப் பார்க்கப் போனோம். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, அதில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் விடுகிறார்கள். 45 நாளில் அறுவடை. கப்பாபைகஸ் என்ற அந்தப் பாசியிலிருந்துதான் ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தும் காரகீனன் எடுக்கிறார்கள். பாறைகளில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து ஜெல்லியை உறைய வைக்கும் அகர். எங்கள் சங்கத்தில் ஜெல்லி மிட்டாய் செய்கிற மூன்று பேர் பத்து ஆண்டுகளாக அகர் வாங்குகிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள். “தம்பி, உலர்த்தி மூட்டை கட்டிக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. எந்தத் தின்பண்டத்தில் போய்ச் சேருகிறது என்று யாரும் வந்து சொன்னதில்லை” என்றார் ஓர் அக்கா. மிட்டாய்க்காரர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அந்த அக்கா அதைப் பிரிக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

சென்னிமலை அம்மாவும் இன்னும் நான்கு பேரும் மறுநாள் ஊர் திரும்பாமல், மாஸ்டரின் மைத்துனரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முதுகுளத்தூர் பக்கம் மிளகாய்க் காட்டுக்குப் போனார்கள். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு லோடுக்கு விலை பேசி வந்திருக்கிறார்கள். ஏற்காட்டில் எட்டு ஆண்டுகள் கூட்டம் நடத்தினோம். படம் எடுத்துக்கொண்டு திரும்பியதைத் தவிர ஒரு ரூபாய் வியாபாரம் நடந்ததில்லை. ராமநாதபுரம் கடற்கரைக்குக் கூட்டங்களை வரவழைக்க நினைக்கிற விடுதிக்காரர்கள் நீச்சல் குளம் வெட்டுவதற்கு முன், மீன், மிளகாய், பாசி, பனை என்று எந்தத் தொழில்காரருக்கு இந்த மண்ணில் வேலை இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்க்கட்டும். கடல் ஆராய்ச்சி மாணவர்கள், மருந்துப் பொருள் செய்வோர், மீன் ஏற்றுமதியாளர்கள் எல்லோருக்கும் இங்கே காரணம் இருக்கிறது. ஐந்நூறு பேர் கூடும் மாநாட்டுக்கு இந்தக் கரை இன்னும் தயாராகவில்லை. நூற்றைம்பது பேருக்குள் என்றால் தாராளமாக வரலாம்.

செலவு: இரண்டு பேர் பகிர்ந்த அறை, இரண்டு இரவு, எல்லா வேளை உணவு, அரங்க வாடகை சேர்த்து ஒருவருக்கு 5,900 ரூபாய் ஆனது. வேன் தனி. ஏற்காட்டைவிட ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் குறைவு. ஏ.சி. ஓடாத நேரத்துக்கு மேலாளரே முன்வந்து வாடகையில் கழித்தார். மைக் வாடகை, நாற்காலி உறை வாடகை என்று தனித்தனியாகப் போட்டிருந்ததைக் கேட்டு நீக்க வேண்டியிருந்தது. அவற்றை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே அரங்கைப் பகல் பத்து மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள். நான் போனது மாலை ஆறு மணிக்கு. கண்ணாடிக்கு வெளியே இருட்டிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது மேலாளர் டேப் எடுத்துவந்து கண்ணாடிச் சுவரை அளந்துகொண்டிருந்தார். நீளம் 62 அடி, உயரம் 11. ஈரோட்டில் திரைத் துணி எங்கே வாங்கலாம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த தறிக்காரரின் எண்ணைக் கொடுத்து, கெட்டியான கருநீலத் துணியாக, இரண்டு மடிப்பாகத் தைக்கச் சொன்னேன். சோபாவையும் யானைகளையும் பற்றிக் கேட்டதற்கு, முதலாளியிடம் பேசுவதாகச் சொன்னார். அடுத்த தைக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை. மார்கழியில் ஒருமுறை பகலில் போய்ப் பார்த்துவிட்டுக் கட்டுவேன்.