எந்த ரேங்கைப் பார்க்கிறார் கோச்?

டெக்சாஸ் நண்பர் வீட்டில் காபிக்கு முன்னால் லேப்டாப் வந்துவிடும். பையன் பதினோராம் வகுப்பு, காலேஜ் கோல்ஃப் டீமில் இடம் தேடுகிறான். திரையில் மூன்று டேப். ஏ.ஜே.ஜி.ஏ. (அமெரிக்கன் ஜூனியர் கோல்ஃப் அசோசியேஷன்) பட்டியலில் அவன் பெயரே இல்லை. ஜூனியர் கோல்ஃப் ஸ்கோர்போர்டு என்கிற தளத்தில், அவன் வகுப்பு வரிசையில் நானூற்றுச் சொச்சம். உலக அமெச்சூர் ரேங்கிங்கிலும் இல்லை. "இதுல எதைத்தாம்ப்பா கோச் பார்ப்பாரு?" என்றார்.

மூன்றையும்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் அவர் தேடுவது வேறு.

ஏ.ஜே.ஜி.ஏ. 1978-இல் தொடங்கிய அமைப்பு. அதன் பெரிய போட்டிகள் 54 குழி, மூன்று நாள். நாட்டின் முன்னணிப் பையன்களும் பெண்களும் அங்கேதான் மோதுகிறார்கள். யாரோடு மோதினாய், எத்தனையாவது வந்தாய் என்பதுதான் அதன் ரேங்கின் அடிப்படை. பெரிய கல்லூரி கோச்சுகள் நேரில் வந்து பார்ப்பதும் அங்கே. சிக்கல், உள்ளே நுழைவதில். சின்னப் போட்டிகளில் நன்றாக ஆடி 'ஸ்டார்' சேர்க்க வேண்டும், அல்லது ஒரு நாள் தகுதிச் சுற்றில் தப்பிக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். இடம் கிடைத்தால் ரேங்க், ரேங்க் இருந்தால் இடம். விமானம், ஹோட்டல், நுழைவுக் கட்டணம் என்று செலவு வேறு. வசதி இல்லாதவர்களுக்கு அந்த அமைப்பே உதவித்தொகை தருகிறது. இருந்தாலும் அந்தப் பட்டியலில் கொஞ்சம் அப்பாவின் கிரெடிட் கார்டும் கலந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

உச்சியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. பின்னால் பெரிய தொழில்முறை ஆட்டக்காரர்களானவர்களைப் பாருங்கள். ஜோர்டன் ஸ்பீத் 2009-இலும் 2011-இலும் யு.எஸ். ஜூனியர் அமெச்சூர் பட்டம் வென்றார், ஸ்காட்டி ஷெஃப்லர் 2013-இல். இருவரும் போனது டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு. அவர்களை எந்த கோச்சும் பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. பட்டியல் உதவுவது நடுவில் நிற்கிற நண்பர் மகன் மாதிரியானவர்களுக்கு.

அவனுக்கு ஸ்கோர்போர்டுதான் பிழைப்பு. உள்ளூர், மாநிலப் போட்டிகளும் அதில் ஏறும். படிப்பு முடிக்கும் ஆண்டுவாரியாகத் தனி வரிசையும் உண்டு. ஆனால் நான் அவருக்குக் காட்டியது ரேங்கை இல்லை, பக்கத்திலிருந்த டிஃபரென்ஷியலை. அடித்த ஸ்கோருக்கும் மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (கைதேர்ந்தவர் அங்கே அடிக்கக்கூடிய ஸ்கோர்) உள்ள வித்தியாசம் அது. குறையக் குறைய நல்லது. ஒரு மைதானத்தில் பையன் 71 அடித்திருந்தான். அப்பா முகத்தில் பெருமை. அந்த கோர்ஸ் ரேட்டிங் 68.9. வித்தியாசம் 2.1. அடுத்த மாதம் வேறொரு மைதானத்தில் 74. அன்று வீடு திரும்பும்வரை காரில் யாரும் பேசவில்லையாம். அந்த ரேட்டிங் 72.4, வித்தியாசம் 1.6. கோச்சுக்கு அந்த 74-தான் நல்ல ஆட்டம். "அப்போ நான் திட்டினதெல்லாம்?" என்றார் நண்பர். பையன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

ரேங்க் எத்தனை போட்டி ஆடினாய், எங்கே ஆடினாய் என்பதை வைத்து ஏறும், இறங்கும். டிஃபரென்ஷியலில் அவ்வளவு சீக்கிரம் ஏமாற்ற முடியாது. கல்லூரிப் போட்டியில் ஐந்து பேர் ஆடி, நான்கு நல்ல ஸ்கோர்களைச் சேர்ப்பார்கள். அதனால் கோச்சின் கேள்வி எளிது: என் ஐந்தாவது ஆட்டக்காரனைவிட இவன் நன்றாக அடிப்பானா? அந்த ஐந்தாவது ஆளின் சராசரி கல்லூரி டீமின் தளத்திலேயே கிடக்கிறது. பெற்றோர்கள் ரேங்கைப் பார்க்கும் நேரத்தில் பாதியை அங்கே செலவிட்டால் எந்தக் கல்லூரிக்கு எழுதுவது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, உலக அமெச்சூர் ரேங்கிங். 'வேகர்' என்பார்கள். 2007-இல் வந்தது. இரண்டு ஆண்டு ஆட்டத்தைக் கணக்கில் எடுக்கும், வயது பார்க்காது. டெக்சாஸ் பையனுக்கு இது இப்போதைக்குத் தேவையில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ ஆடுகிற பிள்ளைக்கு இதுதான் முக்கியம். அமெரிக்கப் போட்டிகளைச் சுற்றியே இருக்கும் ஸ்கோர்போர்டில் அவன் எங்கிருந்து வருவான்? ஓக்லஹோமா கோச்சுக்கு நம் ஊர் மைதானம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் அகில இந்திய அமெச்சூர் போன்ற போட்டியில் கிடைத்த வேகர் புள்ளி அவருக்குப் புரியும்.

எப்போது பார்க்கிறார்கள் என்பதும் உண்டு. முதல் டிவிஷன், அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்தட்டு, கோச்சுகள் மாணவரோடு நேரடியாகப் பேசத் தொடங்கலாம் என்பது பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-இலிருந்து. அன்றைக்குப் பட்டியலில் மேலே இருப்பவனுக்கு முதல் போன் போகும். பதினேழு வயதில் உயரம் கூடி, பந்து முப்பது கஜம் அதிகம் போகத் தொடங்குகிறவனுக்கு அன்று யாரும் போன் செய்திருக்க மாட்டார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் சாக் ஜான்சன் படித்தது டிரேக் பல்கலைக்கழகத்தில், கோல்ஃபுக்குப் பெயர்போன இடமில்லை. பிறகு 2007-இல் மாஸ்டர்ஸ், 2015-இல் பிரிட்டிஷ் ஓப்பன் இரண்டையும் வென்றார்.

இப்போது நிலைமை இன்னும் நெருக்கடி. முன்பு முதல் டிவிஷனில் ஆண்கள் டீமுக்கு மொத்தம் நாலரை ஸ்காலர்ஷிப், பெண்களுக்கு ஆறு. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025-26 முதல், புதிய நீதிமன்ற ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய்விட்டது. பதிலுக்கு டீமில் ஒன்பது பேருக்கு மேல் வைக்கக் கூடாது. பணம் கூடலாம், நாற்காலி குறைந்தது. போதாக்குறைக்கு, கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இருபத்திரண்டு வயது ஆள், மூன்று வருடக் கல்லூரி ஸ்கோரோடு தயாராக நிற்கிறான். அவனோடு ஒப்பிட்டால் பள்ளிப் பையனின் ரேங்க் ஒரு ஊகம்தான். அதனால் நண்பரிடம் இரண்டாம், மூன்றாம் டிவிஷனையும் பார்க்கச் சொன்னேன். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. அங்கே மார்க் பேசும், அவன் மார்க் நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசியில் பையன் கோச்சுக்கு எழுதியிருந்த மெயிலைத் திறந்தோம். சிறுவயதிலிருந்தே கோல்ஃப் மீது தீராத காதல் என்று ஆரம்பித்திருந்தான். முதல் பத்தி முழுக்க வெட்டினோம். தலைப்பிலேயே படிப்பு முடிக்கும் ஆண்டு, டிஃபரென்ஷியல், மார்க். உள்ளே அந்த 74, எந்த மைதானம், ரேட்டிங் எவ்வளவு, ஒரு நிமிட ஸ்விங் வீடியோ. "ரேங்க் போட வேணாமா அங்கிள்?" என்றான். கீழே ஒரு வரியில் போடச் சொன்னேன், அதற்கும் மேலே, அடுத்த வாரப் போட்டியில் அவன் ஆட்டம் தொடங்கும் டீ டைமை.