புறம் 192-ஐ எங்கே தேடுவது?

தம்பி பி.காம். முதலாண்டு. தமிழ்த் தாளுக்குப் புறநானூற்றின் 192-ஆம் பாட்டான ‘யாதும் ஊரே’ பற்றி நாலு பக்கம் எழுதி, இரவு பத்து மணிக்கு என்னிடம் நீட்டினான். முதல் பத்தியிலேயே ‘யாவரும் கேளீர்’. அதாவது எல்லாரும் காது கொடுத்துக் கேளுங்கள் என்று புலவர் அழைக்கிறாராம்.

“எங்கடா எடுத்த?”

“யூடியூப்லக்கா. லட்சம் பேர் பாத்திருக்காங்க.”

கேளிர் என்றால் உறவினர். ஒரு குறில் நெடிலானதில் கணியன் பூங்குன்றனார் மேடைப் பேச்சாளர் ஆகிவிட்டார். காணொளியில் இதுதான் சிக்கல்: குரல் கம்பீரமாக இருக்கும், எந்தப் பதிப்பு என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

அடுத்து, அவன் நம்பும் ஏஐ செயலி. முழுப் பாட்டையும் கேட்டேன். 13 அடிப் பாட்டில் முதல் நாலைந்து அடி சரி. அதன்பின் அதுவே சொந்தமாகப் பாட ஆரம்பித்துவிட்டது. ஓசைகூடக் கெடவில்லை, அதுதான் பயம். திணை, அதாவது பாட்டின் பொருள் வகை, கேட்டால் பாடாண் என்றது. உண்மையில் பொதுவியல் திணை, அதன் உட்பிரிவான துறை பொருண்மொழிக்காஞ்சி.

தமிழ் விக்கிப்பீடியாவை நான் அப்படித் தள்ளமாட்டேன். 2003-இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது குறைதான். ஆனால் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பது ‘வரலாறு’ பக்கத்தில் கிடக்கிறது. நான் கட்டுரையைவிட அடியிலுள்ள மேற்கோள்களைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே ஒன்றுமில்லை என்றால் நகர்ந்துவிடுவேன்.

மூலத்துக்கு மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிய நூல்கள். பாட்டை நொடியில் தேடிப் பிடிக்கலாம். கை தட்டச்சு என்பதால் எழுத்துப்பிழை ஒன்றிரண்டு வரும். பொருள் புரிய வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். சங்கப் பாட்டு உரையோடு கிடைக்கும். புறநானூற்றின் பழைய உரை 266-ஆம் பாட்டு வரைதான் கிடைத்திருக்கிறது. நல்லவேளை, நம் பாட்டு 192.

அதே கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுநூல்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. தேடுவது கொஞ்சம் பாடு. உ.வே.சா. 1894-இல் பதிப்பித்த புறநானூற்றைத் தேடினால் ‘சாமிநாதையர்’, ‘சாமிநாத ஐயர்’, ‘சுவாமிநாதையர்’ என்று மாற்றி மாற்றி அடித்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். பக்க எண்ணோடு அச்சுப் பக்கமே கண்முன் இருந்தால், ‘கேளிர்’ என்பதற்கு யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

ஏஐயை முழுதாக ஒதுக்கச் சொல்லவில்லை. மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டில் வரும் ‘புணை’ என்றால் என்ன என்று கேட்டேன். தெப்பம் என்றது, உரையும் அதே பொருளைத்தான் சொல்கிறது.

பதினொன்றரைக்கு முதல் பத்தியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினான். பதிப்பு, பக்க எண் போட்டாயா என்றேன்.

“மேடம் அதெல்லாம் கேக்கலக்கா.”